தாய்ப்படம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது வாசலில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். கையில் அழைப்பிதழ். "தாய்ப்பாசம்னு போட வேண்டியது அச்சுல இப்படி ஆயிடுச்சா சார்?" என்று கேட்டார். அச்சுப்பிழை இல்லை. அகராதியில் இல்லாத சொல், அவ்வளவுதான். அதை உண்டாக்கத் துணிவு தந்ததும் இந்த அறக்கட்டளைதான். இதற்காகத் தம் ஓய்வூதியச் சேமிப்பை எழுதிவைத்தவர் சார்பதிவாளர் அலுவலகங்களில் பத்திரங்களுக்கு நடுவிலேயே வாழ்ந்து ஓய்வு பெற்றவர். வீடோ மனையோ வாங்கப்போகிறேன் என்று யார் வந்து நின்றாலும் அவர் முதலில் கேட்பது, "தாய்ப்பத்திரம் பாத்தாச்சா?" என்பதுதானாம். நம் ஊரில் கைநாட்டு வைக்கும் பாட்டிகூடக் கேட்கிற கேள்வி அது. விற்கிறவர் நீட்டும் பத்திரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அது எதிலிருந்து பிறந்தது என்று பார்க்காமல் நாம் பணம் எண்ணுவதில்லை.

படத்தை மட்டும் அப்படிக் கேட்பதில்லை.

நான் வழக்கறிஞன். சொத்து, நுகர்வோர் சம்பந்தமான வழக்குகள் பார்க்கிறவன். எனவே ஒரு வழக்கிலிருந்தே தொடங்குகிறேன். கட்சிக்காரர் பெயரும் எதிர்க்கட்சி பெயரும் இங்கே வராது.

மஸ்கட்டில் செவிலியராக இருக்கும் ஒரு பெண். சென்னையின் தெற்குப் புறநகரில் கட்டி முடித்த குடியிருப்பு ஒன்றில், விற்காமல் மீதி இருந்த வீடு ஒன்றைப் பற்றி அவருக்கு வாட்ஸப்பில் ஐந்து படங்கள் வந்தன. கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறை, பால்கனி. படுக்கையறையில் பெரிய கட்டில், கட்டிலின் இரு புறமும் சின்ன மேசை, மேசைமேல் விளக்கு. ஜன்னலில் தென்னை மரங்கள். இரவுப் பணி முடித்து வந்து, அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே தூங்கியதாகப் பின்னால் என்னிடம் சொன்னார். முன்பணம் அனுப்பினார். எட்டு மாதம் கழித்து விடுமுறையில் வந்தபோது தம்பியை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தார்.

அறை பத்துக்குப் பத்து. ஆறடிக்கு ஆறரையடிக் கட்டிலை அங்கே போட்டால் பீரோ கதவைத் திறக்க முடியாது. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் பக்கச் சுவர், கை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில். அதில் வரிசையாக ஏசி எந்திரங்களின் முதுகு. "ஜன்னல்ல தென்ன மரம் இருந்துச்சு சார்," என்று என் அலுவலகத்தில் உட்கார்ந்து மூன்று முறை சொன்னார். புகார் சொல்லும் குரலாக இல்லை. தன் கண்ணையே சந்தேகப்படுகிற குரலாக இருந்தது.

கட்டுநர் தரப்பு கொடுத்த பதில், "அது மாதிரிப் படம் மேடம், கீழ எழுதியிருக்கோமே." எழுதித்தான் இருந்தார்கள். தமிழில் அடித்த விளம்பரத் தாளின் அடியில், ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி.

அந்தப் படங்களை எடுத்த இளைஞனைக் கண்டுபிடித்தோம். கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவன், இதையும் ஒரு நாள் கூலிக்குச் செய்திருக்கிறான். "நான் காலி ரூமத்தான் எடுத்துக் குடுத்தேன் சார், மிச்சத்த அவங்க ஆபீஸ்ல ஏதோ ஆப்புல போட்டுப் பண்ணிக்கிட்டாங்க," என்றான். பழைய மெமரி கார்டில் மூலப்படம் இருந்தது. தாய்ப்படம் என்று நான் சொல்வது இதைத்தான். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என் ஜூனியர்தான் முதலில் கவனித்தாள். மூலப்படத்தில் தரையில் இரண்டடி டைல்ஸ், சுவருக்குச் சுவர் எண்ணினால் ஐந்து. திருத்திய படத்தில் ஏழு. கட்டிலைப் போட்டவர்கள் அதைச் சுருக்கிப் போட்டிருக்கிறார்கள். சுருக்கியது தெரியாமல் இருக்கத் தரையையும் மாற்றியிருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்தார்களா, அந்த மென்பொருளே தன் போக்கில் செய்துவிட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டைல்ஸ் எண்ணிய பிறகு எதிர்த்தரப்பின் தொனி மாறியது. சமரசத்தில் முன்பணம் திரும்பி வந்தது. வட்டி வரவில்லை.

அந்த வழக்கில் எங்களைக் காப்பாற்றியது எந்தச் சட்டப்பிரிவும் இல்லை, ஒரு கூலி புகைப்படக்காரன் அழிக்காமல் வைத்திருந்த மெமரி கார்டு. இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மெமரி கார்டு அழிந்திருந்தால்?

படத்தைத் திருத்துவது இன்று நேற்று வந்த பாவம் அல்ல. என் சித்தப்பா மாயவரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார். விடுமுறைக்குப் போனால் இருட்டறை வாசலில் உட்கார்ந்துகொண்டு அவர் 'டச்சிங்' பண்ணுவதைப் பார்ப்பேன். சாய்வான மேசை, நடுவில் கண்ணாடி, கீழே வெளிச்சத்தை மேலே அனுப்பும் இன்னொரு கண்ணாடி. நெகட்டிவை அதில் பொருத்துவார். மணல் தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசிபோல ஆக்கிய பென்சில் முனை. நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகத்தில் கறுப்பாக விழுகிற அம்மைத் தழும்பு, அங்கே வெளிறிய புள்ளியாகத் தெரியும். அந்த வெளிறலைப் பென்சிலால் நிரப்பினால், அச்சுப் போடும்போது தழும்பு மறைந்துவிடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வார். பெண் பார்க்கும் படங்களுக்குத்தான் கிராக்கி. ஒரு படத்தில் ஒரு பெண்ணுக்கு ஐந்து வயது குறைந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பென்சில் வைப்பதற்கு முன்னால் நெகட்டிவிலிருந்து ஒரு புரூஃப் போட்டு, பெயர் எழுதி, கவரில் போட்டு வைத்துவிடுவார். எதற்கு என்று கேட்டேன். "நாளைக்கு மாப்ள வீட்டுக்காரன் வந்து சட்டையப் புடிச்சான்னா காட்டணும்லடா." மாப்பிள்ளை வீட்டார் யாரும் வந்ததில்லை. ஏனென்றால் படத்தைப் பார்த்து யாரும் தாலி கட்டுவதில்லை. பெண் பார்க்க நேரில் வருவார்கள், பஜ்ஜி சாப்பிடுவார்கள், முகத்தைப் பார்ப்பார்கள். படம் என்பது நேரில் போய்ப் பார்க்கலாமா என்று முடிவு செய்ய மட்டும். அந்தப் பழைய ஒழுங்கில் டச்சிங் பெரிய கேடு செய்யவில்லை. வீடு விஷயத்திலும் அப்படித்தான் இருந்தது. புரோக்கர் என்ன அளந்தாலும், சாவி வாங்கித் திறந்து பார்த்து, குழாயைத் திருகிப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் தண்ணீர் வருமா என்று விசாரித்துவிட்டுத்தான் முன்பணம்.

இன்று மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் நியூஜெர்ஸியிலும் இருப்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்புகிறார்கள். அதே நேரத்தில் டச்சிங்கின் விலையும் சரிந்துவிட்டது. ஃபோட்டோஷாப் 1990இல் வந்தது. அதைக் கற்றுக்கொள்ள ஆறு மாதமாவது ஆகும். 2023இல் சொன்னதை வரைந்து நிரப்பும் செயற்கை நுண்ணறிவு அதற்குள்ளேயே வந்துவிட்டது. 'இங்கே ஒரு கட்டில், அங்கே தென்னை மரம்' என்று எழுதினால் போதும். சித்தப்பாவின் அரை நாள் வேலையை அலுவலகப் பையன் அரை நிமிடத்தில் முடிக்கிறான். புரூஃப் எடுத்து வைக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இப்போது கலிபோர்னியாவுக்கு வருகிறேன். அமெரிக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லுகிற ஆள் நான் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள்.

அங்கே காலி வீட்டை விற்பது கடினம் என்பது தரகர்களின் நம்பிக்கை. அதனால் வாடகைச் சாமான்களைக் கொண்டுவந்து வீட்டை அலங்கரித்து, படம் எடுத்து, விற்றதும் எடுத்துப் போவார்கள். அதற்கு ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். அதையே கணினியில் செய்தால் ஒரு படத்துக்கு மிகச் சொற்பச் செலவு. 'வர்ச்சுவல் ஸ்டேஜிங்' என்று பெயர் வைத்து அது தொழிலாகவே வளர்ந்துவிட்டது. சோபா போடுவதில் தொடங்கி, காய்ந்த புல்வெளியைப் பச்சையாக்குவது, விரிசல் சுவருக்கு வண்ணம் பூசுவது, வாசலில் நிற்கும் மின்கம்பத்தைத் துடைத்து எடுப்பது என்று போனது. இத்தனைக்கும் அமெரிக்கத் தரகர் சங்கத்தின் நன்னடத்தை விதிகள் 1913இலிருந்து இருக்கின்றன. அதன் பன்னிரண்டாம் விதி, விளம்பரத்தில் உண்மையான சித்திரத்தையே தர வேண்டும் என்கிறது. விதி சொன்னது. படம் கேட்கவில்லை.

2025 அக்டோபரில் அந்த மாநில ஆளுநர் கையெழுத்திட்ட ஏபி 723 என்கிற சட்டம் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கொண்டுவந்தவர் கெயில் பெல்லரின் என்ற சட்டமன்ற உறுப்பினர். உரிமம் பெற்ற தரகரோ, அவருக்காகச் செய்கிற வேறு யாரோ, விற்பனை விளம்பரத்தில் கணினியில் மாற்றிய படத்தைப் போட்டால் இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, இது மாற்றப்பட்ட படம் என்று படத்தின் மேலேயோ ஒட்டினாற்போலவோ கண்ணில் படும்படி எழுத வேண்டும். இரண்டு, மாற்றாத மூலப்படத்தை யாரும் பார்க்கக்கூடிய இணையதளத்தில் வைத்து, அதற்கான முகவரியோ கியூஆர் கோடோ தர வேண்டும். விளம்பரம் வருவது தரகரின் சொந்தத் தளம் என்றால் மூலப்படத்தை அங்கேயே சேர்த்துவிட வேண்டும்.

எதெல்லாம் மாற்றம் என்று அந்தச் சட்டம் சொல்லும் பட்டியல் எனக்குப் பிடித்திருக்கிறது. எழுதியவர் வீடு தேடி அலைந்தவராக இருக்க வேண்டும். சாமான்கள், பதித்த பொருட்கள், தரை, சுவர், வண்ணம், தோட்டம், முகப்பு, தரைப்படம், அதோடு நிற்காமல் வீட்டுக்கு வெளியே இருப்பவையும்: தெருவிளக்கு, மின்கம்பம், ஜன்னல் வழியே தெரியும் காட்சி, பக்கத்து வீடு. ஜன்னலில் தெரிகிற தென்னை மரமும் அதில் அடங்கிவிடுகிறது பாருங்கள். வெளிச்சம் கூட்டுவது, கோணலை நிமிர்த்துவது, ஓரம் வெட்டுவது, நிறத்தைச் சரிசெய்வது போன்ற வழக்கமான வேலைகளுக்கு, வீட்டின் தோற்றத்தை மாற்றாத வரை, விலக்கு. வேண்டுமென்றே மீறினால் அங்குள்ள தரகர் சட்டப்படி அது குற்றம்.

ஓட்டைகளும் உண்டு. விற்பனைக்கு மட்டும்தான், வாடகை வீட்டுக்கு இல்லை. தரகர் இல்லாமல் தானே விற்கும் வீட்டுக்காரரை அது தொடாது. அகலக் கோண லென்ஸ் போட்டு எடுத்து, குளியலறையை நீச்சல்குளம் ஆக்கும் வித்தையையும் அது தொடாது, ஏனென்றால் அந்தப் பொய் கணினிக்கு வரும் முன்பே லென்ஸுக்குள் நடந்துவிடுகிறது.

இருந்தாலும் அந்த இரண்டாவது கடமைக்காகவே அந்தச் சட்டத்தை நான் மெச்சுகிறேன். முதல் கடமையை மட்டும் போட்டிருந்தால் இந்த உரைக்கே தேவை இருந்திருக்காது. 'மாற்றப்பட்டது' என்ற முத்திரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. பிரான்ஸில் 2017 அக்டோபர் முதல் ஒரு விதி இருக்கிறது: விளம்பர மாடல்களின் உடலைக் கணினியில் மெலியவைத்தோ பருக்கவைத்தோ இருந்தால் 'திருத்திய புகைப்படம்' என்று போட வேண்டும், தவறினால் 37,500 யூரோ அபராதம். இப்படிப்பட்ட முத்திரைகள் பார்ப்பவர் மனத்தில் என்ன மாற்றம் செய்கின்றன என்று உளவியலாளர்கள் பல இடங்களில் சோதித்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் பயன் தெரியவில்லை. இதற்கு ஆராய்ச்சிகூட வேண்டாம். திரையில் நாயகன் சிகரெட் பற்றவைக்கும்போது ஓரத்தில் வருகிற எச்சரிக்கையை நம்மில் எத்தனை பேர் கடைசியாக எப்போது படித்தோம்?

காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். 'இது திருத்திய படம்' என்பது ஒரு செய்தி. அதைப் படித்த பிறகும் கண்ணில் நிற்பது தென்னை மரம்தான். எது பொய் என்று அந்த வரி சொல்வதில்லை. ஏதோ ஒன்று பொய் என்று மட்டும் சொல்கிறது. பார்ப்பவர் தமக்கு வேண்டியதை உண்மை என்று எடுத்துக்கொள்கிறார். கட்டில் பொய்யாக இருக்கும், மரம் நிஜமாக இருக்கும் என்று மனம் தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறது. பக்கத்தில் மூலப்படம் இருந்தால் அந்தச் சமாதானத்துக்கு இடமில்லை. ஐந்து டைல்ஸா ஏழு டைல்ஸா என்று யாரும் எண்ணிவிடலாம். அதற்கு வக்கீல் வேண்டாம்.

நம் ஊரில் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. தேவைக்கு மேலேயே இருக்கிறது. அதில் பழையது ஒன்று, 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம். அதன் 55ஆவது பிரிவு, சொத்தில் உள்ள முக்கியமான குறை விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், அதை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் மறைத்தால் அது மோசடி. கவனித்தீர்களா, கண்ணுக்குத் தெரிகிற குறையைப் பற்றி விற்பவர் வாய் திறக்க வேண்டியதில்லை. பக்கத்துச் சுவர் கண்ணுக்குத் தெரிகிற குறை. 1882இல் வீடு வாங்கியவர் வில்வண்டி கட்டிக்கொண்டாவது நேரில் போயிருப்பார் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. என் வழக்கிலும் எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் பிடித்துக்கொண்டார்: "நேரில் வந்து பார்த்திருக்கலாமே?" பார்க்க அனுப்பியது நீங்கள் தந்த படம், அதில் சுவரை எடுத்தது நீங்கள், பிறகு ஏன் பார்க்கவில்லை என்று கேட்பதும் நீங்களா என்று நான் வாதாடினேன். கண்ணுக்குத் தெரிகிற குறையைக் கண்ணுக்குத் தெரியாத குறையாக மாற்றும் வேலையைத்தான் திருத்திய படம் செய்கிறது. சொத்து மாற்றுச் சட்டத்தை இந்தக் கோணத்தில் படிக்கும் தீர்ப்பு ஒன்று வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அடுத்தது 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், நாம் ரெரா என்று சொல்வது. அதன் 12ஆவது பிரிவு, விளம்பரத்தையோ தகவல் அறிக்கையையோ மாதிரி வீட்டையோ நம்பிப் பணம் கட்டியவர், அதிலுள்ள பொய்யான தகவலால் நஷ்டப்பட்டால் கட்டுநர் ஈடுகட்ட வேண்டும், விலகிக்கொள்ள விரும்பினால் முழுப் பணத்தையும் வட்டியோடு தர வேண்டும் என்கிறது. நல்ல பிரிவு. ஆனால் நான் எந்தப் படத்தைப் பார்த்தேன் என்று நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தலையில் விழுகிறது. தளத்திலிருந்த படம் ஒரே இரவில் மாறிவிடும். வாட்ஸப்பில் வந்த படத்தைச் சாட்சியமாக்க, 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்கீழ்ச் சான்றிதழ் வேண்டும். மின்னணு ஆவணத்தின் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணையும் அதில் குறிப்பிட வேண்டும். இதையெல்லாம் வீடு வாங்கும் ஒரு செவிலியர் முன்கூட்டி யோசித்து வைத்திருப்பாரா?

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று. நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாமலோ, வீடுகள் எட்டுக்கு மேற்படாமலோ இருந்தால் ரெராவில் பதிவு செய்ய வேண்டியதில்லை. சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். ஒரு கிரவுண்டில் ஆறு வீடு கட்டி விற்பதுதானே நம் தெருக்களில் பாதி? பழைய வீட்டை மறுவிற்பனை செய்தாலும், வாடகைக்கு விட்டாலும், அது ரெராவின் பதிவு வளையத்துக்குள் வருவதில்லை. திருத்திய படங்கள் அதிகம் புழங்குவது அங்கேதான்.

பொதுவான விளம்பரங்களுக்கு 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறைகள் வெளியிட்டது. பொறுப்புத் துறப்பு வாசகம், விளம்பரக் கூற்று எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். தவறான கூற்றைத் திருத்துவதற்காகப் பொறுப்புத் துறப்பைப் பயன்படுத்தக் கூடாது. இதைப் படித்தபோது அந்த எறும்பு வரி நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். நாளை காலைப் பேப்பரில் வரும் முழுப்பக்கத் தமிழ் விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள், நட்சத்திரக் குறி போட்ட வரி எந்த மொழியில் இருக்கிறதென்று. 2025 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட தகவல் தொழில்நுட்ப வரைவு விதிகளோ, செயற்கையாக உருவாக்கிய படத்தின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு முத்திரை வேண்டும் என்று முன்மொழிந்தன. மறுபடியும் முத்திரைதான்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். மூலப்படத்தின் அருமை நம் அரசுக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகவே தெரியும். வீடு இருக்கும் இடத்தைக் காலி மனை என்று எழுதி முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிப்பவர்கள் உண்டல்லவா? அதைத் தடுக்க, 2023 அக்டோபர் முதல் நம் பதிவுத் துறை, சொத்தின் புகைப்படத்தை அது எடுக்கப்பட்ட இடத்தின் புவிக் குறியீடுகளோடு பத்திரத்தில் சேர்க்கச் சொல்கிறது. தனக்கு வர வேண்டிய தீர்வை என்றதும், எங்கே நின்று எடுத்தாய் என்று அட்சரேகை தீர்க்கரேகையோடு கேட்கிறது அரசு. வாங்குகிறவருக்குக் காட்டிய படத்தை அப்படி யாரும் கேட்பதில்லை. அந்தப் பெண் முன்பணம் கட்டியது வாட்ஸப் படத்தைப் பார்த்து. பத்திரம் பதியப்பட்டிருந்தால் அதில் ஏறியிருக்கக்கூடியது வேறு படம். இரண்டும் ஒரே வீடு.

கட்டுநர் நண்பர்கள் சிலர் இந்த அரங்கில் இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் எழுப்பும் நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. "கட்டாத வீட்டுக்கு ஏது சார் மூலப்படம்? நாங்க பாதி விக்கிறதே அஸ்திவாரம் போடுறதுக்கு முன்னாடிதான்." உண்மை. கணினியில் வரைந்த கட்டடத்துக்குப் பின்னால் எந்தப் புகைப்படமும் இல்லை. கட்டடத்துக்குத்தான் இல்லை, இடத்துக்கு உண்டு. எந்த இடத்தில் நின்று பார்ப்பதுபோல வரைந்திருக்கிறீர்களோ, அதே இடத்தில் நின்று, அதே திசை பார்த்து, இன்றைய தேதியில் ஒரு புகைப்படம் எடுத்து வரைபடத்துக்குப் பக்கத்தில் போடுங்கள். வரைபடத்தில் ஏரி இருந்தால் புகைப்படத்தில் அது ஏரியா, சாக்கடையா என்று தெரிந்துவிடும். தலைக்கு மேலே உயர் அழுத்தக் கம்பி போகிறதா, பக்கத்தில் சுடுகாடு இருக்கிறதா, போன டிசம்பர் மழையில் தண்ணீர் நின்ற கறை மதிலில் எந்த உயரத்தில் இருக்கிறது, எல்லாம் வந்துவிடும். 2015 வெள்ளத்தில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் முதல் மாடியிலிருந்து படகில் இறங்கியவர்களிடம் கேளுங்கள், அவர்கள் வாங்கியபோது பார்த்த விளம்பரத் தாள்களில் எத்தனையில் அந்தக் கறை இருந்தது என்று.

இன்னொரு மறுப்பு, எல்லாப் படமும் பொய்தானே என்பது. லென்ஸ் பொய் சொல்லும், வெளிச்சம் பொய் சொல்லும் என்பார்கள். இருக்கட்டும். அந்தப் பொய்க்கு மருந்தைச் சட்டம் ஏற்கெனவே கண்டுபிடித்திருக்கிறது: எண். ரெராவில் கார்ப்பெட் ஏரியா என்றால் என்ன என்று வரையறுத்தது அதற்காகத்தான். சூப்பர் பில்ட்-அப் என்று சொல்லி மாடிப்படியையும் லிஃப்டையும் நம் கணக்கில் எழுதிய காலத்துக்கு அது ஒரு முற்றுப்புள்ளி வைத்தது. லென்ஸ் எவ்வளவு அகலமாகக் காட்டினாலும், பத்துக்குப் பத்து என்று பக்கத்தில் எழுதியிருந்தால் பீரோவுக்கு இடம் இருக்குமா என்று தெரிந்துவிடும். ஜன்னலுக்கு வெளியே இருப்பதை மட்டும் எண்ணில் எழுத முடியாது. அதற்குத் திருத்தாத படம்தான் வேண்டும்.

செலவு என்று யாரும் சொல்ல முடியாது. மூலப்படம் ஏற்கெனவே எடுத்த படம். அழிக்காமல் இருந்தால் போதும்.

சோபா போட்டுக் காட்டுவதைத் தடை செய்யச் சொல்லவில்லை. காலி அறையைப் பார்த்துக் குடும்பத்தைக் கற்பனை செய்ய எல்லோராலும் முடியாது. என் மனைவியால் முடியும், என்னால் முடியாது. சித்தப்பாவைப் பென்சிலைக் கீழே வை என்று நான் சொல்லியிருக்க மாட்டேன். புரூஃபைக் காட்டு என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருந்தால், அவர் மறுத்திருக்கவும் மாட்டார்.

நாங்கள் சில வழக்கறிஞர்கள் சேர்ந்து தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு மனு தயாரித்திருக்கிறோம். நான்கு பக்கம்தான். மாற்றிய படம் வரும் விளம்பரத்தில் மூலப்படமும் வர வேண்டும். கட்டாத வீடு என்றால் இன்றைய இடத்தின் தேதியிட்ட புகைப்படம் வர வேண்டும். இரண்டையும் ஆணையத்தின் தளத்தில் அந்தத் திட்டத்தின் பக்கத்தில் ஏற்றி, விற்று முடியும்வரை எடுக்கக் கூடாது. எறும்பு வரி தமிழில், தலைப்பு அடித்த அதே எழுத்தில் இருக்க வேண்டும். இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். சிறிய கட்டடங்களையும் மறுவிற்பனையையும் சேர்க்க வேண்டும் என்றால் சட்டமன்றம்தான் சட்டம் செய்ய வேண்டும்; அதற்குத் தனியாக ஒரு பக்கம் இணைத்திருக்கிறோம்.

மனுவின் நகல் வெளியே புத்தக மேசையில் இருக்கிறது. கடைசி இணைப்பாக, அந்தப் பெண்ணின் அனுமதியோடு, இரண்டு படங்களை அச்சிட்டிருக்கிறோம், ஐந்து டைல்ஸும் ஏழு டைல்ஸும். எண்ணிப் பாருங்கள். சரி என்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள். பேனா கொண்டுவராதவர்களுக்கு அங்கேயே நான்கு பேனா வைத்திருக்கிறது.